மோட்டாரில் எண்ணெய் ஊற்றியவள்

இசக்கியின் மூன்று விரல்களை எடுத்தவன் நீ. கம்பெனிக் காகிதத்தில் அவளுடைய கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறது. அதன் அடியில் அவளுடைய வலது கட்டைவிரல் ரேகை இருக்கிறது. தையல்கூடப் பிரிக்காத கை அது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்க மருந்து தெளிந்தும் தெளியாமலும் கிடந்தவளின் கையைத் தூக்கி, மையில் அழுத்தி எடுத்திருக்கிறார்கள். பிளஸ் டூ படித்த பெண், கையெழுத்துப் போடத் தெரிந்தவள். பேனா பிடிக்க விரல் இல்லாததால் ரேகை. அந்த அறையில் நீ இல்லை என்பது எனக்குத் தெரியும். நீ அங்கே இருக்க வேண்டியிருக்கவில்லை. உன் வேலையை அதற்கு முன்பே முடித்துவிட்டாய்.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. யார் கைக்கு முதலில் போனாலும் படிக்கட்டும். உன்னைக் கட்டிக்கொள்ளப்போகும் பெண் படித்தாலும் சரி. அடுத்த மாதம் உங்கள் கல்யாணம். அதற்கு முன்னால் மகனுக்குத் தாய் நாலு வார்த்தை புத்தி சொல்வது வழக்கம்தான். என்னிடம் இருக்கும் புத்தி ஒரு பழைய தையல் மிஷின் மோட்டாரைப் பற்றியது. அதையும் நான் உன் முதுகைக் கிழித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ எட்டி உதைத்ததில் மிஷின் மேசையிலிருந்து பெயர்ந்து என் இடது காலில் விழுந்தது. பெருவிரல் நகம் போய்விட்டது. அது முளைக்கும். மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்தக் காலத்து இரும்பு. மோட்டாரைத் தாங்கியிருந்த கொண்டி மட்டும் இரண்டாக உடைந்தது. நொண்டிக்கொண்டே ஒரகடம் கூட்டுரோடு வரை போய் அதை ஒட்ட வைத்து வாங்கி வந்தேன். இப்போது மோட்டாரைத் திறந்து பேப்பர்மேல் பரப்பியிருக்கிறேன். துடைத்த பாகங்கள் காய்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன்.

உனக்குப் பத்து வயதில் இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தேன், நினைவிருக்கும். முதலில் பிளக்கைப் பிடுங்கு. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கி உன் கண்ணெதிரில் போட்டுக்கொள். அப்புறம் பெல்டைக் கழற்று. மோட்டாரின் இரண்டு பக்கமும் இருக்கும் சின்ன மூடிகளைத் திருகினால் சுருள்கம்பியோடு கார்பன் துண்டுகள் வெளியே வரும். எந்தப் பக்கம் எடுத்தாயோ அந்தப் பக்கமே திரும்பப் போட வேண்டும், முகம் மாறக் கூடாது. உள்ளே சுற்றுகிற செம்பு உருளைக்கு ஏற்றபடி அது தேய்ந்து பழகியிருக்கும். செம்புத் தகடுகளுக்கு நடுவில் சேரும் கரியைப் பல்குச்சியால் எடு, ஊசியால் கீறாதே. பெல்டைத் திரும்ப மாட்டும்போது விறைப்பாக இழுக்காதே, விரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்க வேண்டும். ஒயர் அறுந்தால் வெறும் டேப்பைச் சுற்றி விடாதே, மோட்டார் சூட்டில் பசை இளகி நழுவிவிடும். முதலில் கறுப்பு நூலை நெருக்கமாகச் சுற்று. சட்டைப் பொத்தானுக்கு அடியில் காம்பு சுற்றுவோமே, அந்த மாதிரி. கடைசிச் சுற்றை முந்தின சுற்றுக்குள் இரண்டு தடவை நுழைத்து இழு. டேப் அதற்கு மேலே. எலக்ட்ரீஷியன் யாரும் இப்படிச் செய்வதில்லை. நான் தையல்காரி, என் கைக்கு எட்டியது நூல். நீ அதை அப்படியே பிடித்துக்கொண்டாய். ஐடிஐயில் மாஸ்டர் சிரித்தார் என்று வந்து சொன்னாய், ஆனாலும் விடவில்லை.

இசக்கி மூன்று வாரத்துக்கு முன்பு மூன்று ஜாக்கெட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், வயது இருபத்தொன்று. நம் தெருமுனையில் கம்பெனிப் பெண்கள் தங்கியிருக்கும் ஹாஸ்டல் மாடியில் இருக்கிறாள். வலது கையில் துணி சுற்றியிருந்தது.

“யக்கா, இந்தக் கொக்கிய எல்லாம் பிரிச்சிட்டு வெல்க்ரோ வச்சுத் தாங்க. ஒத்தக் கையால மாட்ட முடியல.”

“இடது கை பழகிடும்மா. கொஞ்ச நாளு ஆவும்.”

“பழகும்க்கா. அதுக்குள்ள பாத்ரூம் வரிசையில நிக்கவளுவ கதவ ஒடச்சிருவாளுவ.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எப்படி ஆனது என்று கேட்டேன். பிரஸ் என்றாள், தகட்டை அழுத்தி வளைக்கிற மிஷின். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். உன் கம்பெனியைச் சொன்னாள். எந்த வாரம் என்றதும் எனக்கு நீ சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டு நினைவுக்கு வந்தது. அந்த வாரம்தான் இங்கே வந்திருந்தாய். “லைன்ல ஒரு பொண்ணு கைய வுட்டுருச்சும்மா. கவனமே இல்ல இதுங்களுக்கு. ரசம் ஊத்து” என்றாய். நான் ரசம் ஊற்றினேன்.

“உள்ள கை இருந்தா அது எறங்காதுக்கா,” என்றாள் அவள். “ரெண்டு பக்கமும் கண்ணு மாதிரி சென்சாரு இருக்கு, பாத்துக்கிட்டே கெடக்கும். அத நம்பித்தான் எல்லாரும் கைய விடுதோம். அன்னைக்கு அது பாக்கல.”

ஏன் பார்க்கவில்லை என்பதையும் அவளே சொன்னாள். தகட்டுக்குத் தெளிக்கிற எண்ணெய் புகைபோலக் கிளம்பி அந்தக் கண்களில் படியும். படிந்தால் கை இல்லாதபோதும் கை இருப்பதாக நினைத்துக்கொண்டு பிரஸ் நின்றுவிடும். காய்ந்த துணியால் துடைத்தால் சரியாகும், பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம் லைன் நிற்க வேண்டும். லைனை நிறுத்தாமல் இருக்க, நீ வேலை பார்க்கிற மெயின்டனன்ஸில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பேனலைத் திறந்து ஒரு துண்டு ஒயரைக் குறுக்கே மாட்டிவிட்டால் சென்சார் குருடாகிவிடும். பிரஸ் யாருக்காகவும் நிற்காது. அவளுக்காகவும் நிற்கவில்லை. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல். தகடு வளைகிற அதே இடத்தில் வளைந்து நசுங்கி, கையுறைத் துணியோடு ஒட்டிப்போயிருந்ததாம். பிரஸ்ஸை மேலே தூக்கத் தெரியாமல் சூப்பர்வைசர் இரண்டு பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்த, அது இன்னொரு தடவை இறங்கியிருக்கிறது.

எல்லாரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, முகமூடி போட்ட மெயின்டனன்ஸ் ஆள் ஒருத்தன் பேனலைத் திறந்து எதையோ பிடுங்கிக் கழிவுத்துணித் தொட்டியில் எறிந்திருக்கிறான். பக்கத்து மிஷின் பெண் பார்த்திருக்கிறாள். இசக்கியின் அறைத்தோழி அவள். ஆள் போன பிறகு அதை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு வந்துவிட்டாள். இசக்கி தன் பர்ஸைத் திறந்து எனக்குக் காட்டினாள். ஒரு சாண் மஞ்சள் ஒயர். இரண்டு துண்டை முறுக்கி ஒன்றாக்கியது. முறுக்கிய இடத்தில் டேப் பாதி பிரிந்து தொங்கியது. நான் மீதியையும் பிரித்தேன். உள்ளே கறுப்பு நூல் இருந்தது. நெருக்கமான சுற்று. கடைசிச் சுற்று முந்தின சுற்றுக்குள் இரண்டு தடவை நுழைந்திருந்தது.

அதன் பிறகு நான் என்ன தைத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவள்தான் சொன்னாள்: “யக்கா, ரெண்டு பக்கமும் சொரசொரப்ப வச்சுத் தச்சிருக்கிய. ஒட்டாதுல்லா.” பிரித்துத் திரும்பத் தைத்தேன். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: “ஒருவேள நாந்தான் அவசரப்பட்டுட்டனோ என்னமோ. எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ. இப்ப எனக்கே அப்படித்தான் தோணுது.”

ஞாயிற்றுக்கிழமை நீ கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு வந்தபோது நான் வேறு எதுவும் பேசவில்லை, நினைவிருக்கிறதா? நூலைப் பற்றி மட்டும் கேட்டேன்.

“எல்லா ஊர்லயும் நூல் சுத்துவாங்கம்மா,” என்றாய்.

“பொத்தான் காம்பு மாதிரி ஒயர்ல எவன்டா சுத்துவான்?”

“இப்ப இன்னா அதுக்கு? லைன் நின்னா மேனேஜர் என் சட்டையப் புடிப்பான். நான் மாட்டலன்னா இன்னொருத்தன் மாட்டுவான். அஞ்சு பிரஸ்லயும் மாட்டிகினுதான் கீது.”

“தொடைக்க பத்து நிமிசம்தானே?”

“அந்தப் பத்து நிமிசத்த யாருமா குடுப்பா? நீ குடுப்பியா?”

“நாளைக்கே கம்பெனியில போய்ச் சொல்லுடா.”

அப்போதுதான் உதைத்தாய். மிஷின் விழுந்தது, நான் விழுந்தேன். நகம் பெயர்ந்து தரையெல்லாம் ரத்தம். நீ குனிந்து தூக்கவில்லை. முழங்கைக்கு மேலே இருக்கும் உன் தழும்பைக் காட்டி, “என்னை நீ அடிச்சியே, அன்னிக்கு எவன் வந்தான் கேக்க? தப்பு பண்ணேன், அடி வாங்கிகினு போனேன். அந்தப் பொண்ணும் வாங்கிகினு போவட்டும்” என்றாய். கதவை அறைந்துவிட்டுப் போனாய். அதிலிருந்து நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை.

எவன் வந்தான் என்று கேட்டாயே, அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. பதினைந்து வருஷமாக இருக்கிறது.

உன் அப்பா நம்மை விட்டுப் போன வருஷம் அது. நான் இங்கே வந்த புதுக் கம்பெனிகளுக்குத் துணிக் கையுறை தைத்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க ஐந்து விரல், ஐந்து விரல். கால் மிதித்துக் கட்டுப்படி ஆகாது என்று பழைய சாமான் கடையில் இந்த மோட்டாரை வாங்கி மாட்டினேன். கடைக்காரன் ஒரு சின்ன டியூபில் கிரீஸும் கொடுத்துச் சொன்னான், மிஷினுக்கு எண்ணெய், மோட்டாருக்கு இது, மாற்றிப் போடாதே என்று. டியூப் தீர்ந்தது. எண்ணெயும் வழுவழுப்புதானே என்று நினைத்தேன். மோட்டாரின் தலையில் இருக்கும் இரண்டு துளைகளிலும் வாரம் தவறாமல் மிஷின் எண்ணெயை விட்டேன். கிரீஸ் வைத்த இடத்தில் நிற்கும். எண்ணெய் நிற்காது, தண்டு வழியே இறங்கிச் செம்பு உருளைக்குப் போய் கார்பன் தூளோடு குழைந்து சேறாகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, இன்னும் நன்றாக ஓடுவதுபோலக்கூட இருக்கும். எனக்கு இது எதுவும் தெரியாது.

மிஷினுக்கு எண்ணெய் விடுவது உன் வேலை. பள்ளிக்கூடம் போகும் முன் துளைக்கு ஒரு சொட்டு. அன்றைக்கும் விட்டாய். சாயங்காலம் காண்டிராக்டரின் வண்டி வருவதற்குள் மோட்டாரிலிருந்து நீலப் பொறி பறந்தது, புகை வந்தது, முடி கருகின மாதிரி நாற்றம் வந்தது. கையுறைகளில் பாதிகூட முடியவில்லை. காண்டிராக்டர் மூட்டையைக் காலால் தள்ளிவிட்டு, தெருவே கேட்க என்னை ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். அந்த வார்த்தையை எழுத மாட்டேன். நீயும் கேட்டாய்.

நான் மிஷினிலிருந்து தோல் பெல்டை உருவினேன்.

“மோட்டார்ல எண்ண ஊத்துனியா?”

“இல்லம்மா. மிஷின்ல மட்டும்தான் வுட்டேன்.”

“ஊத்துனியா?”

“இல்லம்மா.”

எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. நீ கட்டிலுக்கு அடியில் போனாய். காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டு அடித்தேன். பெல்டின் இரண்டு முனையையும் சேர்க்கிற இரும்புக் கம்பி உன் கையில் மாட்டி, இழுத்தபோது சதையோடு வந்தது. பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, “ஏம்மே, புள்ளய சாவடிச்சிடப்போற, வுடு” என்று கத்தினாள். வேறு யாரும் வரவில்லை. நீ சொன்னது சரி. ஒருத்தரும் வரவில்லை. கடைசியில் நீ சொன்னாய்: “நான்தாம்மா. நான்தான் ஊத்துனேன்.” நான் உடனே நிறுத்திவிட்டேன். உண்மை எனக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் மோட்டாரை ஸ்ரீபெரும்புதூரில் காயில் கட்டுகிறவரிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “யாரும்மா இதுல எண்ணெ ஊத்துனது? ஒரு நாள் ஊத்துனது இல்ல இது. மாசக்கணக்கா குடிச்சிகினு கீது.” நான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “பையன்” என்றேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உன் கைக்கு மருந்து போட்டேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம், அதற்கு அடுத்த நாளும் சொல்லியிருக்கலாம். நீ சின்னப் பையன், மறந்துவிடுவாய் என்று விட்டேன்.

நீ மறக்கவில்லை, நம்பிவிட்டாய். நிச்சயதார்த்தத்தன்று உன்னைக் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணிடம் இதைக் கதையாகச் சொல்லிச் சிரித்தாய். அவள் உள்ளே வந்து, “இதுதானா அத்தை அவரு எரிச்ச மோட்டார்?” என்று கேட்டாள். நீ செய்யாத ஒன்றை, செய்ததாக உன் கண்ணால் பார்த்ததுபோல விவரித்திருந்தாய், எந்தக் கையால் கேனைப் பிடித்தாய் என்பது உட்பட. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். இசக்கி என் வாசலில் நின்று, எனக்கே அப்படித்தான் தோணுது என்றபோது நான் கேட்டது உன் குரலைத்தான். அடிக்கிற கை விலகிய பிறகும் அது சொல்லவைத்த வார்த்தை உடம்புக்குள் இருந்து வேலை செய்யும். இன்னும் ஐந்து வருஷத்தில் அவளும் எங்காவது உட்கார்ந்து, நான்தான் கையை விட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

நீ மோட்டாரில் எண்ணெய் ஊற்றவில்லை. நான் ஊற்றினேன். இதை இந்தக் காகிதத்தில் எழுதியாயிற்று. உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவளிடம் காட்டு.

உன் மேனேஜரை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. ஒயரை மாட்டு என்று அவன் வாயால் சொல்லியிருப்பான், எழுத்தில் கொடுத்திருக்க மாட்டான். தினமும் ஷிப்ட் ஆரம்பிக்கும்போது எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கையை நீட்டச் சொல்லிப் பாதுகாப்பு உறுதிமொழி வாங்குகிறார்கள், நீயே சொல்லியிருக்கிறாய். நீட்டிய கைகளை வைத்துக்கொண்டுதான் பிரஸ்ஸின் கண்ணைக் கட்டுகிறார்கள். காண்டிராக்டில் வந்த பெண்கள், தூரத்து ஊர்க்காரிகள், கேட்க ஆள் கிடையாது. ஒரு கை போனால் ஹாஸ்டலிலிருந்து இன்னொரு கை காலை பஸ்ஸில் வந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மேனேஜர் சொன்னான் என்பதை இந்த உலகத்தில் சொல்லக்கூடிய வாய் உன்னுடையது ஒன்றுதான். நீ உன்னைச் சொன்னால்தான் அவனைச் சொல்ல முடியும். வேலை போகும். கல்யாணம்கூட நிற்கலாம். போலீஸ் வரலாம். ஒன்றும் ஆகாது என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன்.

வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்குக் கம்பெனியில் விசாரணை. அந்தக் கட்டைவிரல் ரேகையைப் படித்துக் காட்டிக் கோப்பை மூடிவிடுவார்கள். மூடினால் அவள் குற்றவாளியாக ஊருக்கு பஸ் ஏறுவாள். நான் அவளோடு போகிறேன். உன் அம்மா நான் என்பதை நேற்றுதான் அவளிடம் சொன்னேன். “ஜாக்கெட்டுக்குக் கூலி வாங்காம விட்டியளே, அதுக்குத்தானா?” என்று கேட்டாள். விசாரணைக்கு இந்த மோட்டாரையும் ஒரு கறுப்பு நூல்கண்டையும் எடுத்துப்போய் அவர்கள் மேசைமேல் வைத்து, சுற்றிக் காட்டுவேன். இது என் கை, என் மகனுக்கு நான் கற்றுக்கொடுத்தது என்பேன். ஒரு தையல்காரி நூலைக் காட்டினால் அவர்கள் சிரிக்கலாம். நீ நின்று சொன்னால் சிரிக்க மாட்டார்கள்.

பாகங்கள் காய்ந்துவிட்டன. கார்பனை அதனதன் பக்கத்தில் போட்டேன். துளைகளில் கிரீஸ் வைத்தேன், கொஞ்சமாக. பெல்டை மாட்டிவிட்டுக் கடைசியாகப் பிளக்கைச் சொருகினேன். பொறி இல்லை, நாற்றம் இல்லை, ஓடுகிறது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுப் போனை வாங்கி உன்னைக் கூப்பிட்டேன். வேறு நம்பர் என்பதால் எடுத்தாய். அம்மா என்றதும் கட் பண்ணவில்லை. நீ லைனில்தான் இருந்தாய், பின்னால் பிரஸ் இறங்கும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய் ஊற்றியவள் நான் என்றேன். அன்றைக்குப் பெல்டை வைத்துக்கொண்டு உன்னிடம் கேட்ட அதே வார்த்தையை இன்றைக்கு வெறுங்கையோடு கேட்கிறேன், திங்கட்கிழமை அவர்கள் முன்னால் நான்தான் என்று சொல்வாயா என்றேன்.

பிரஸ் இறங்கியது.

“சொல்லுடா,” என்றேன்.

பிரஸ் மறுபடி இறங்கியது.